நெடுந்தீவில் ஒரு நாள் நடையும் கடற்குளிப்பும்: 14 பேரைக் கூட்டிப்போக வழி சொல்லுங்கோ

பண்ணைப்பாலம்

வணக்கம். பங்குனிக் கடைசியில் ஒரு சனிக்கிழமை 14 பேரை நெடுந்தீவுக்குக் கூட்டிப்போக வேண்டும். வயது 16 முதல் 58 வரை. நால்வர் சுவிஸில் இருந்து விடுமுறைக்கு வருபவர்கள். மத்தியதரைக் கடல் தீவுகளில் வழிகாட்டியோடு கரையோரம் நடந்து, குடாவுக்குக் குடா இறங்கி நீந்திப் பழகியவர்கள். மிச்சப் பேர் யாழ்ப்பாணம்தான். ஐந்து பேருக்கு நீந்தவே தெரியாது.

இப்போதைக்குத் திட்டம் இது: புங்குடுதீவுக் குறிகட்டுவான் துறையில் முதல் படகு. நெடுந்தீவின் துறையான மாவிலித்துறையில் இறங்கி வடகரையோரம் மேற்கே நடை. ஒல்லாந்தர் கோட்டை, பிறகு வெடியரசன் கோட்டை, அங்கிருந்து கரையைச் சுற்றித் தெற்கு முனையில் குவிந்தா கோபுரம். வழியில் மூன்று இடத்தில் குளிப்பு. பின்னேரப் படகில் திரும்புவது.

இது நடக்கக்கூடிய காரியமா? எங்கே, எந்த நேரம் நீந்துவது? ஆளுக்கு எவ்வளவு தண்ணீர்? கையில் என்னென்ன சாமான் இருக்க வேண்டும்? நீந்தத் தெரியாதவர்களுக்கு உயிர்காப்பு அங்கி போட்டுவிட்டால் போதுமா?

சோளகக்காத்து

தம்பி, முதல்ல மணிக்கூட்டைப் பாருங்கோ, வரைபடத்தைப் பிறகு பாக்கலாம்.

காலமைப் படகு ஏறக்குறைய ஒரு மணித்தியாலம் ஓடும். 9.15க்கு இறங்கினீங்கள், திரும்பிற படகு 2.30க்கு எண்டு வையுங்கோ. (இது கணக்குக்குச் சொல்லுற நேரம். படகு நேரம் மாறிக்கொண்டே இருக்கும், முதல்நாள் துறையில கேட்டு எழுதி வையுங்கோ.) கையில இருக்கிறது ஐந்தே கால் மணித்தியாலம். படகு புறப்பட முக்கால் மணித்தியாலத்துக்கு முதல் துறையில நிக்கவேணும், ஏனெண்டால் அதை விட்டால் அடுத்த நாள்தான். மிச்சம் நாலரை. இறங்கி, மலசலகூடம் போய், தொப்பி போட்டு, ஆக்களை எண்ணி வெளிக்கிட 20 நிமிசம். ஒரு குளிப்பு 40 நிமிசம் எண்டாலும், உடுப்பு மாத்திறது, எண்ணுறது, துடைக்கிறது எல்லாம் சேர்த்து 75 நிமிசம் போகும். சாப்பாடு 40. இப்ப நடக்க மிஞ்சினது இரண்டே கால் மணித்தியாலம்.

அந்தக் கரை தார் ரோட்டு இல்லை. பவளக்கல்லும் நொருங்கின சிப்பியும் இளகின மணலும். 14 பேர் கொண்ட கூட்டம் நிண்டு நிண்டு போனால் மணிக்கு 2 கிலோமீற்றர்தான் போகும். ஆக நாலரைக் கிலோமீற்றர். நீங்கள் எழுதின சுற்று அதைவிட மூன்று மடங்குக்கும் கூட. வெடியரசன் கோட்டையில இருந்து குவிந்தா வரைக்கும் கரையாலை நடக்கிறது மரமில்லாத வெளி. அதை உச்சி வெய்யிலில வைக்கிறது மடைத்தனம். மன்னிக்கவும், வேற சொல் வரேல்லை.

மூன்று இடத்தில குளிப்பு எண்டதையும் விடுங்கோ. ஒரு இடம், ஒழுங்கா.

காத்தைப் பற்றி. பங்குனி, சித்திரை தான் கடல் அடங்கியிருக்கிற காலம். வாடை (வடகீழ்க் காத்து) ஓய்ந்து சோளகம் (தென்மேல் காத்து) இன்னும் தொடங்காது. வைகாசிக்குப் பிறகு புரட்டாதி வரை சோளகம் ஊதேக்க மேற்குக் கரையும் தெற்குக் கரையும் குளிக்கிற இடமில்லை. ஐப்பசி தொடங்கி மழையும் வாடையும், அப்ப வடகரை கரடுமுரடு. எந்தக் காலமெண்டாலும் விதி ஒண்டுதான்: காத்து எந்தப் பக்கத்தால வருதோ அந்தப் பக்கம் இறங்காதேங்கோ. மறைப்பான பக்கத்திலயும் ஒரு வில்லங்கம் இருக்கு. கரையில இருந்து கடலுக்கு அடிக்கிற காத்தில தண்ணி கண்ணாடி மாதிரித் தெரியும். ஆனால் டியூப்பில மிதக்கிறவனை அது சத்தமில்லாமல் வெளியால கொண்டு போகும். டியூப், காத்தடைச்ச மெத்தை எதையும் கயிறில்லாமல் இறக்கக் கூடாது.

வளிமண்டலவியல் திணைக்களத்தின்ர கடல் அறிக்கையை முதல்நாள் இரவும் அண்டைக்கு விடியவும் பாருங்கோ. காத்து மணிக்கு 20, 25 கிலோமீற்றர் எண்டால் போகலாம். 40க்கு மேல சொன்னால் பயணத்தை ஒத்திவையுங்கோ. இடையில எண்டால் குறிகட்டுவானில காலமை ஏழு மணிக்குக் கடலைப் பாருங்கோ. அந்த நேரமே அலை நுனியில நுரை கிழியுதெண்டால் மத்தியானம் அது கூடுமே தவிரக் குறையாது.

இன்னொண்டு. அண்டைக்குப் பூரணையோ, நயினாதீவில திருவிழாவோ எண்டு பாத்துக்கொள்ளுங்கோ. நயினாதீவுக்குப் போற சனமும் அதே துறையாலதான் போறது. 14 பேரை அந்த நெரிசலில ஒண்டாக் கட்டிக் காக்கேலாது.

ஒலிவ்மரம்

மத்தியதரைக் கடல் தீவுகளில் இப்படியான நாளை எப்படி அமைக்கிறார்கள் என்று சொன்னால், எதை எடுக்கலாம், எதை விடவேண்டும் என்பது விளங்கும்.

ஸ்பெயினின் மெனோர்க்காத் தீவைச் சுற்றி 185 கிலோமீற்றர் நீளத்தில் கமி தெ கவால்ஸ் என்ற பழைய குதிரைப்பாதை ஓடுகிறது. 20 பகுதிகள். தெற்குக் கரையில் கலா கல்தானாவில் தொடங்கினால் முக்கால் மணித்தியாலத்துக்குள் மக்கரெல்லாக் குடா, இன்னும் பத்து நிமிடத்தில் மக்கரெல்லெத்தா. பைன் மர நிழலில் நடை, வியர்க்கத் தொடங்கும்போது அடுத்த குடா. குடா இரண்டு பக்கமும் பாறைச் சுவர் வைத்து அலையை மறைக்கிறது. நடை, நீச்சல், நடை, நீச்சல் என்ற ஒழுங்கு அந்த நில அமைப்பில் இருந்து வந்தது. வழிகாட்டி கண்டுபிடித்தது அல்ல.

நெடுந்தீவுக்கு அதைவிடப் பொருத்தமான மாதிரி கிரேக்கத்தின் கிரீட் தீவில் இருக்கிறது. சமரியா பள்ளத்தாக்கு 16 கிலோமீற்றர் இறக்கம். 1,230 மீற்றர் உயரத்தில் தொடங்கிக் கடல்மட்டத்தில் அகியா ரூமெலியில் முடியும். அந்த ஊருக்கு மோட்டர் வீதி இல்லை, படகில்தான் வெளியே வரவேண்டும். ஆகவே அங்குள்ள வழிகாட்டிகள் நாளைப் பின்னாலிருந்து கணக்கிடுகிறார்கள்: படகு எத்தனை மணிக்கு, அதற்கு முன் குளிப்பு, அதற்கு முன் கடைசி ஆள் வந்துசேரும் நேரம். சோளகக்காத்து அண்ணை போட்ட கணக்கும் அதேதான்.

இனி வேறுபாடுகள். சுவிஸ்காரருக்கு இவற்றை முன்கூட்டியே சொல்லிவையுங்கள், அவர்கள் பழக்கதோஷத்தில் செய்யக்கூடியவை இவை.

முதலாவது ஆழம். மத்தியதரைக் கடலில் பாறையில் இருந்து இரண்டு எட்டு வைத்தால் ஆள் தாழும் தண்ணீர். அதனால் பாறையிலிருந்து குதிப்பார்கள். பாக்குநீரிணை தாழமில்லாத கடல். நெடுந்தீவுக் கரையில் நூறு மீற்றர் நடந்தும் இடுப்பளவு தண்ணீரில் நிற்கக்கூடும், அடியில் பவளக்கல். இங்கே தலைகீழாகப் பாய்ந்தால் கழுத்து முறியும். துறையின் மேடையிலிருந்தும், படகிலிருந்தும் எவரும் பாயக்கூடாது என்று தெளிவாகச் சொல்லுங்கள்.

இரண்டாவது வற்றுப்பெருக்கு. அந்தக் கடலில் பெரும்பாலான இடங்களில் நீர்மட்டம் ஏறி இறங்குவது ஒரு சாண் அளவுதான், அங்கு பழகியவர்களுக்கு அது ஒரு பொருட்டே அல்ல. நம் பக்கத்திலும் பெரிய ஏற்றம் இல்லை, அமாவாசை பறுவத்தை ஒட்டி அரை மீற்றர் அளவு. ஆனால் ஒரு மீற்றர் ஆழமுள்ள கல்லுத்தரையில் அரை மீற்றர் என்பது பாதி. பெருக்கில் நீந்தக்கூடிய அதே இடத்தில் வற்றில் கல்லில் முழங்கால் தேயும். நாளுக்கு இரண்டு பெருக்கு, ஒவ்வொரு நாளும் ஏறக்குறைய 50 நிமிடம் பிந்தும். உங்கள் சனிக்கிழமைப் பெருக்கு எத்தனை மணிக்கு என்று பார்த்து, அதற்கு ஒரு மணித்தியாலம் முன்பின்னாகக் குளிப்பை வையுங்கள்.

மூன்றாவது தண்ணீரின் சூடு. மெனோர்க்காவில் வைகாசியில் கடல் 18, 19 பாகைதான், ஆவணியில் 26 வரை ஏறும். அங்கே குளித்து எழுந்தால் உடம்பு குளிர்ந்துவிடும், அடுத்த ஒரு மணித்தியாலம் சுகமாக நடக்கலாம். இங்கே பங்குனிக் கடல் 29 பாகை அளவில் இருக்கும். குளித்தால் குளிர்ந்த மாதிரி இருக்கும், ஆனால் உடம்பு நீரிழந்துகொண்டேதான் இருக்கும். தண்ணீருக்குள்ளும் வியர்க்கும். குளிப்புக்கு முன் கால் லீற்றர், பின் கால் லீற்றர் குடிக்கச் சொல்லிக் கட்டாயப்படுத்துங்கள்.

எடுத்துக்கொள்ளக்கூடிய ஒன்று: முன்னால் ஒருவர், வாலில் ஒருவர். வாலில் நடப்பவரைத் தாண்டி எவரும் பின்தங்கக்கூடாது, முன்னால் நடப்பவரை எவரும் முந்தக்கூடாது. படகில் ஏற, இறங்க, தண்ணீரில் இறங்க, தண்ணீரிலிருந்து ஏற என்று ஒவ்வொரு தடவையும் தலை எண்ணிக்கை. ஆளுக்கொரு எண் கொடுத்து அவர்களே வரிசையாகச் சொல்லவைத்தால் அரை நிமிட வேலை.

மாவிலித்துறை

ஊர்ப் பக்கத்து விஷயங்களைச் சொல்கிறேன்.

நடைக்கு வடகரை சரி. துறையில் இருந்து மேற்கே கோட்டை இடிபாடு கிட்டத்தான். முழுக்கப் பவளக்கல்லால் கட்டியது, சுவருக்கு மேல் ஏறவேண்டாம், கல் கழன்று வரும். ஊருக்குள் வளவைச் சுற்றியிருக்கும் கல்வேலியும் அப்படித்தான். சாந்து இல்லை, கல்லின்மேல் கல் அடுக்கியது. குறுக்குவழி என்று ஒருவர் தாண்டினால் பத்தடி வேலி சரியும், வீட்டுக்காரர் அரை நாள் குந்தியிருந்து அடுக்கவேண்டும். படலை இருக்கும் இடத்தால் போங்கள்.

கோட்டையோடு கரையால் இன்னும் ஒரு மணித்தியாலம் மேற்கே நடந்துவிட்டு, அங்கே பட்டா வாகனத்தை (சின்ன லொறி) வரச்சொல்லுங்கள். வெடியரசன் கோட்டை, குதிரைகள் நிற்கும் வெளி, பெருக்கமரம் (பாயோபாப்) எல்லாவற்றையும் வாகனத்தில் பார்க்கலாம். 14 பேருக்கு ஒரு பட்டா இறுக்கம், இரண்டு பேசுங்கள். வாகனத்தை இறங்கியபின் துறையில் தேடவேண்டாம், முதல்நாளே பேசி, நிற்கவேண்டிய இடத்தையும் நேரத்தையும் சொல்லுங்கள். சில இடத்தில் தொலைபேசி எடுக்காது.

குதிரைகள் வளர்ப்புக் குதிரைகள் இல்லை. ஒல்லாந்தர் காலத்துக் கூட்டத்தின் வழிவந்து கட்டாக்காலியாக நிற்பவை. 30 மீற்றருக்குள் போகவேண்டாம், குட்டி நின்றால் இன்னும் தள்ளி. பின்னங்கால் உதை நெஞ்சில் பட்டால் விலா முறியும். வாழைப்பழம் நீட்டவேண்டாம். தீவின் ஒரு பகுதி 2015 முதல் தேசியப் பூங்கா. கல்லோ பவளமோ பையில் வைத்துக்கொண்டு வரவேண்டாம்.

தண்ணீர்: ஆளுக்கு 4 லீற்றர் கொண்டுவாருங்கள், தீவில் நிரப்பலாம் என்று நம்பவேண்டாம். கிணறுகள் பல உவர். தெற்கே சாறாப்பிட்டிப் பக்கம் நல்ல தண்ணீர் உண்டு, ஆனால் அது ஊர்ச்சனம் குடிக்கும் தண்ணீர். பங்குனி, சித்திரையில் வாளி வாளியாக அள்ளி உப்புக் கழுவுவதற்கு இல்லை. மேல் கழுவ ஆளுக்கு ஒரு லீற்றர் போத்தல் வேறாக வைத்துக்கொள்ளுங்கள், மூடியில் ஊசியால் ஐந்தாறு ஓட்டை போட்டால் முழுக்காட ஒரு லீற்றர் தாராளம். கிணற்றடியில் சவர்க்காரம் கூடவே கூடாது.

14 பேர், 4 லீற்றர் என்றால் 56 கிலோ. எல்லாவற்றையும் தோளில் தூக்க இயலாது. இரண்டு லீற்றர் அவரவர் பையில், மிச்சத்தைக் கான்களில் பட்டாவில் ஏற்றி அனுப்பிவிடுங்கள்.

உடுப்பு விஷயம். நீச்சல் உடுப்போடு தண்ணீருக்குள் நிற்பதில் ஒருவருக்கும் மனத்தாங்கல் இல்லை. அதோடு ஊருக்குள்ளும் கோயிலடியிலும் சேர்ச்சடியிலும் நடக்கவேண்டாம். வலை காயப்போட்டிருக்கும் வாடிப் பக்கம் குளிக்கும் முன் அங்கே நிற்பவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். கேட்டால் எங்கே கல், எங்கே இழுவை என்று அவர்களே சொல்லித்தருவார்கள், அது எந்த வரைபடத்திலும் இல்லாத விஷயம். கடலுக்குள் தடி நட்டு வலை கட்டியிருந்தால் அது கடலட்டைப் பண்ணையாக இருக்கலாம். அதற்குள் நீந்தவேண்டாம், வலையில் கால் சிக்கும். களவெடுக்க வந்ததாகவும் நினைப்பார்கள்.

பெண்பிள்ளைகள் உடுப்பு மாற்ற இரண்டு பழைய பருத்திச் சேலையும் நான்கு தடியும் கொண்டுபோங்கள். இதை எழுதாமல் விட்டால் ஒருவரும் கொண்டுவர மாட்டார்கள்.

நீர்முள்ளி

நீந்தத் தெரியாத ஐவர் பற்றிய கேள்விக்கு ஒருவரும் பதில் எழுதவில்லை. அதுதான் இந்தப் பயணத்தின் முக்கியமான பகுதி.

உயிர்காப்பு அங்கி போட்டுவிட்டால் போதாது. படகில் அது கட்டாயம், கொக்கி பூட்டி இருக்கவேண்டும், மடியில் வைத்திருப்பது அங்கி அல்ல. ஆனால் கரையில் குளிக்கும்போது அங்கி வேறு விதமாக வேலை செய்கிறது. இடுப்பளவு தண்ணீரில் காலூன்றி நிற்கவேண்டிய ஆளை அது தூக்கிவிடும், கால் தரையை விட்டால் நீரோட்டம் எடுத்துக்கொண்டு போகும். நீந்தத் தெரியாதவர் அந்த நேரம் பதறி மல்லாந்து விழுவார். அவர்களுக்கு இடுப்பளவு எல்லை, கயிறு, பக்கத்தில் நீந்தத் தெரிந்த ஒருவர். இந்த மூன்றும்தான் காப்பு.

சாமான்: 10 மில்லிமீற்றர் மிதக்கும் நைலோன் கயிறு 30 மீற்றர். கடைக்காரர் தருவது மிதக்கிறதா என்று வாளித் தண்ணீரில் போட்டுப் பாருங்கள், நைலோன் என்று விற்பதில் சில வகை தாழும். மூடி இறுக்கிய 5 லீற்றர் வெறும் கான் நான்கு. விசில் இரண்டு. பழைய லொறி டியூப் ஒன்று.

இரண்டு கானில் தலைக்கு 3 மீற்றர் கயிறு கட்டி மறுமுனையில் கல் கட்டி, இடுப்பளவு ஆழத்தில் 20 மீற்றர் இடைவெளியில் போடுங்கள். அதுதான் நீந்தத் தெரியாதவர்களின் வேலி. இன்னும் இரண்டை நெஞ்சளவு ஆழத்தில் போடுங்கள், அது நீந்தத் தெரிந்தவர்களின் எல்லை. அதற்கு வெளியே ஒருவரும் இல்லை, சுவிஸ்காரரும் சேர்த்துத்தான். எறியும் கயிறு வேறு. மிச்சமுள்ள கயிற்றின் நுனியில் கால்வாசி தண்ணீர் நிரப்பிய ஒரு சின்னக் கான் கட்டுங்கள், வெறுங்கான் காற்றில் பறக்கும், எறிந்த இடத்துக்குப் போகாது.

இறங்கும் முன் நீரோட்டத்தை அளவெடுங்கள். ஒரு பொச்சுமட்டையை நெஞ்சளவுத் தண்ணீரில் விட்டு ஒரு நிமிடம் பாருங்கள். பத்து மீற்றருக்குள் நகர்ந்தால் எல்லோரும் இறங்கலாம். பத்துக்கும் இருபதுக்கும் இடையில் என்றால் நீந்தத் தெரிந்தவர்கள் மட்டும். இருபதைத் தாண்டினால் அந்த இடத்தை விடுங்கள். சாதாரணமாக நீந்துகிற ஒருவர் களைக்காமல் நிமிடத்துக்கு 25, 30 மீற்றர் போவார். ஓட்டம் இருபது என்றால் எதிர்த்து வர அவரிடம் மிஞ்சுவது ஐந்து, பத்து மீற்றர்தான். பொச்சுமட்டை கரைக்கு நேராக வெளியே போனால் அளவு பார்க்கவே வேண்டாம்.

சமமாகப் பிரியுங்கள்: ஒரே நேரத்தில் ஏழு பேர் தண்ணீரில், மற்ற ஏழு பேர் கரையில். கரையில் இருவர் காவல், குளிக்கும் உடுப்பில், கையில் கைத்தொலைபேசி இல்லாமல். தண்ணீரில் சோடி சோடியாக, ஏழாவது ஆள் ஒரு சோடியோடு சேரட்டும். விசில் ஒன்று ஊதினால் சோடியின் கையைப் பிடித்துத் தூக்கிக் காட்டவேண்டும், மூன்று ஊதினால் எல்லோரும் வெளியே. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ஊதுங்கள், சலிப்பாக இருந்தாலும்.

இதையெல்லாம் நெடுந்தீவில் முதன்முறையாகச் செய்யவேண்டாம். அதற்கு முந்தின வாரம் ஒரு பின்னேரம் சாட்டிக் கடற்கரையில் ஒத்திகை பாருங்கள், குறிகட்டுவானுக்குப் போகிற அதே வீதியில்தான் இருக்கிறது. தாழமில்லாத கரை. நிறுத்தாமல் 50 மீற்றர் நீந்தி, பிறகு இரண்டு நிமிடம் கைகால் அடிக்காமல் மல்லாந்து மிதக்கிறவர்தான் ‘நீந்தத் தெரிந்தவர்’. தொட்டியில் பழகினேன், குளத்தில் பழகினேன் என்ற வாய்ச்சொல் எடுபடாது. உங்கள் ஐந்து பேர் அநேகமாக ஏழு பேராக மாறும்.

காலுக்கு: பாட்டா செருப்பு கல்லில் வழுக்கும், தண்ணீரில் கழன்று மிதக்கும். நடைக்குத் தடித்த அடி கொண்ட பழைய கன்வஸ் சப்பாத்து. அதையே போட்டுக்கொண்டு தண்ணீரிலும் இறங்கலாம், கயிறு இறுக்கிக் கட்டியிருந்தால் சரி. மாற்றுக்கு ஒரு சோடி காய்ந்த காலுறை. ஈரக் காலுறைக்குள் மணல் போனால் அரை மணித்தியாலத்தில் கொப்புளம்.

மருந்துப்பெட்டி

கடலில் படக்கூடியவை, அவற்றுக்கு என்ன செய்வது என்பவை மட்டும்.

சொறி (இழுதுமீன்): பட்ட இடத்தைக் கடல்தண்ணீராலேயே கழுவுங்கள். நல்ல தண்ணீர் ஊற்றினால் ஒட்டியிருக்கும் நுண்முட்கள் வெடித்து இன்னும் நஞ்சு விடும். துவாயால் தேய்ப்பதும் மணலால் தேய்ப்பதும் அதே கேடு. ஒட்டியிருக்கும் நூலைச் சாவணத்தால் எடுங்கள். பிறகு தாங்கக்கூடிய சுடுதண்ணீர், 45 பாகையைத் தாண்டாமல், 20 முதல் 40 நிமிடம். வினாகிரி எல்லாச் சொறிக்கும் பொது மருந்து அல்ல. பெட்டி வடிவச் சொறிக்கு அதுதான் முதல் வேலை, 30 விநாடி ஊற்றவேண்டும். ஆனால் மத்தியதரைக் கடலில் அதிகம் காணும் ஊதாச் சொறிக்கு வினாகிரி கெடுதல் என்று அங்கே சொல்லிக்கொடுப்பார்கள், சுவிஸ்காரர் அந்த நினைப்பில் மறிக்கக்கூடும். மூச்சிரைப்பு, முகவீக்கம், நெஞ்சடைப்பு எது வந்தாலும் நேரே வைத்தியசாலை.

திருக்கை: மணலில் புதைந்து கிடக்கும், மிதித்தால் வாலால் குத்தும். காலைத் தூக்கித் தூக்கி வைக்காமல் தரையோடு தேய்த்துத் தேய்த்து நடந்தால் அது முன்னரே விலகிப் போய்விடும். குத்தினால் சுடுதண்ணீர்தான், ஒன்று ஒன்றரை மணித்தியாலம் வரை. அந்த நஞ்சு சூட்டில் கெட்டுப்போகும். உள்ளே முறிந்த முள்ளை நீங்களே தோண்ட வேண்டாம். நெஞ்சில் வயிற்றில் குத்தியிருந்தால் முள்ளைப் பிடுங்கவே கூடாது.

கல்லிடுக்கில் கரிய முள்ளுருண்டை மாதிரி இருப்பது மிதிபட்டாலும் சுடுதண்ணீர். வெளியே தெரியும் முள்ளைச் சாவணத்தால் நேரே இழுங்கள், சரித்தால் முறியும்.

மூன்றுக்கும் சுடுதண்ணீர் என்பதைக் கவனித்திருப்பீர்கள். ஆகவே இரண்டு பெரிய சுடுதண்ணீர்ப் போத்தல், ஒரு பிளாஸ்ரிக் பேசின், ஒரு வெப்பமானி. வெப்பமானி இல்லையென்றால் கடிபடாதவர் தன் கையை வைத்துப் பார்க்கவேண்டும். நோவில் இருப்பவருக்குச் சூடு தெரியாது, அவித்துவிடுவீர்கள்.

வெய்யில்: தலையிடி, ஓங்காளம், தள்ளாட்டம் என்றால் நிழல், ஈரத்துணி, விசிறல், ஜீவனி (தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் உப்புப் பொடி). ஒரு பைக்கெற் சரியாக ஒரு லீற்றர் தண்ணீருக்கு. அரை லீற்றரில் கரைத்தால் உப்புக் கூடி நிலைமை மோசமாகும், சோடாவில் கரைக்கக்கூடாது. ஆள் பிதற்றத் தொடங்கினால் குடிக்கக் கொடுக்கவேண்டாம், உடம்பு முழுக்க நனைத்துக்கொண்டே வைத்தியசாலைக்கு. பிரஷருக்கு மாத்திரை எடுக்கும் வயதானவர் யார் என்று முதலே கேட்டு வையுங்கள்.

படகில் சத்தி வரும் என்று மாத்திரை போடுகிறவர்கள் கவனிக்கவேண்டும்: அதில் பல வகை நித்திரை கொள்ளவைக்கும். அதைப் போட்டவரை அன்று ஆழத்தில் இறக்கவேண்டாம். படகின் நடுவில், பின்பக்கமாக, காற்றுப்படும் இடத்தில் இருந்து தூரத்துக் கரையைப் பார்ப்பதே பாதி மருந்து.

மூழ்கியவர் மூச்சில்லாமல் இருந்தால் வயிற்றை அமத்தித் தண்ணீர் எடுக்கும் வேலை வேண்டாம். தலைகீழாகத் தூக்கிச் சுற்றுவதும் வேண்டாம். வயிற்றில் இருப்பது ஏறி நெஞ்சுக்குள் போகும், நேரமும் போகும். முதலில் ஐந்து மூச்சு வாயால் ஊதி, பிறகு நெஞ்சை 30 தடவை அமத்தல், இரண்டு மூச்சு, அப்படியே விடாமல். உடனே எழும்பி இருந்து கதைத்தாலும் வைத்தியசாலையில் காட்டவேண்டும், மூச்சுமுட்டு சில மணித்தியாலம் பிந்தியும் வரும். தீவில் வைத்தியசாலை இருக்கிறது, குளிக்கும் இடம் அங்கிருந்து வாகனத்தில் எத்தனை நிமிடம் என்று தெரிந்திருக்க வேண்டும். அம்புலன்ஸ் 1990.

பண்ணைப்பாலம்

எல்லோருக்கும் நன்றி. திட்டத்தை மாற்றிவிட்டேன். பார்த்துத் திருத்துங்கோ.

9.15 இறக்கம், துறையிலேயே கடற்படையினரிடம் பெயர்ப்பட்டியலும் தொலைபேசி இலக்கமும். 9.35 நடை, கோட்டை பார்த்து 11 மணிக்குக் குளிக்கும் இடம். 12.15 வரை இரண்டு அணியாகக் குளிப்பு. 12.15 சாப்பாடு. 1 மணிக்குப் பட்டா இரண்டு, வெடியரசன் கோட்டை, பெருக்கமரம், 1.45 துறை. குவிந்தா இல்லை. அன்று பெருக்கு முற்பகலில் வருகிற மாதிரித்தான் தெரிகிறது, இல்லையென்றால் சனிக்கிழமையை மாற்றுவோம்.

சாப்பாட்டுக்குப் பிட்டும் சொதியும் யோசித்தோம்.

மாவிலித்துறை

பிட்டு வேண்டாம். தேங்காய்ப்பூ அந்த வெக்கையில் பத்து மணிக்கே புளிக்கத் தொடங்கும், சொதி அதற்கும் முதல். புளிச்சாதம், வாழையிலையில் கட்டி, மோர்மிளகாய் பொரித்துத் தனியாக. வாழைப்பழம், கச்சான். (காத்தைச் சொல்லவில்லை, கொட்டையைச் சொல்கிறேன். அந்தக் கச்சான் வந்தால் மேற்குக் கரையில் இருக்கேலாது.) குளிப்பு முதல், சாப்பாடு பிறகு என்ற உங்கள் ஒழுங்கு சரி. குப்பைக்கு இரண்டு உரப்பை, திரும்பக் குறிகட்டுவானுக்கே கொண்டுபோங்கள், தீவில் போட இடமில்லை.

வெடியரசன் கோட்டையும் பெருக்கமரமும் முக்கால் மணித்தியாலத்தில் அடங்காது, வீதி குண்டும் குழியும். ஒன்றை விடுங்கள்.

நீர்முள்ளி

கரையில் சாதாளை (கடற்புல்) ஒதுங்கிக் கிடந்தால் அழுக்கு என்று அந்த இடத்தைத் தவிர்க்காதீர்கள், அது கரையை அரிக்காமல் பிடித்துவைத்திருக்கிறது. ஆனால் ஈரச் சாதாளையின்மேல் கால் வைத்தால் வழுக்கும், கீழே என்ன இருக்கிறது என்றும் தெரியாது. வெறும் மணல் தெரியும் இடைவெளியால் இறங்குங்கள்.

கயிற்றைச் சாட்டியிலேயே நாலைந்து தடவை எறிந்து பாருங்கள். முதல் எறி எல்லோருக்கும் பிழைக்கும்.

சோளகக்காத்து

பெருக்கமரத்தை வையுங்கோ, வெடியரசனை விடுங்கோ. மரத்துக்குள்ள நுழைஞ்சு படம் எடுக்காமல் சுவிஸ் பிள்ளையள் வராதுகள்.

மற்றது, பட்டாக்காரரிட்ட ஒரு மணி எண்டு சொல்லாதேங்கோ. 12.30 எண்டு சொல்லுங்கோ, ஒரு மணிக்கு நிப்பினம்.